கப்பலில் வந்த கரண்ட் அடுப்பு

லிங்கநகரில் எங்கள் காலைகள் பியூஸ் கம்பி கருகிய மணத்தோடுதான் விடியும். 'டப்' என்று ஒரு சத்தம், உடனே சுவருக்கு அந்தப் பக்கமிருந்து வீட்டுக்காரர் கந்தப்பரின் குரல்: "பிள்ளை, உங்கட பெட்டி திரும்பவும் வேலையைக் காட்டிப்போட்டுது!"

எழுபதுகளின் நடுப்பகுதி. அப்பாவுக்குப் புல்மோட்டையில் வேலை, மாத முடிவில்தான் வருவார். கந்தப்பர் வீட்டின் பின்பாதியில் அம்மாவும் நானும் வாடகைக்கு இருந்தோம். இரண்டு பாதிக்கும் சேர்த்து ஒரே ஐந்து அம்பியர் பியூஸ். நான் பள்ளிக்கூடச் சட்டையை அழுத்துகிற நேரத்தில்தான் அது போய்த் தொலையும் என்பதால், பழியெல்லாம் எங்கள் 'ஸ்திரிக்கைப் பெட்டி'க்கு. அதே நேரத்தில் அவர் குசினியில் 'கரண்ட் அடுப்பில்' தேத்தண்ணிக்குத் தண்ணி வைப்பதை யாரும் பேசுவதில்லை. ஏனென்றால் அது துறைமுகத்துக்கு வந்த கப்பல்காரரிடம் வாங்கிய அடுப்பு, அந்நாளில் எங்கள் ஊரில் கப்பல் சாமானுக்குக் குறை சொன்னவர் கிடையாது.

என் பள்ளிக்கூட இறுதிச் சோதனைக்கு இரண்டு மாதம் இருக்கையில் கந்தப்பர் வந்து, நாளைக்கே எங்கள் பக்கத்துக் கரண்ட் லைனை வெட்டப்போவதாகச் சொன்னார். துறைமுகத்தில் கிளாக்கராக இருந்தவர், கையில் கணக்கோடுதான் வந்தார். "அடுப்புத் தகட்டில எழுதியிருக்கிறது நூற்றுப்பத்து வோல்ற்று, அஞ்சு அம்பியர். பெருக்கினா ஐந்நூற்றைம்பது வாற்று. உங்கட பெட்டி இருநூற்றுமுப்பதை மூண்டால பெருக்க அறுநூற்றுத் தொண்ணூறு. ஆரின்ர பிழை?"

அம்மா தலையைக் குனிந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, நூற்றுப்பத்து கப்பலில. இஞ்ச வாறது இருநூற்றுமுப்பது," என்றேன். நூற்றுப்பத்தை ஐந்தால் வகுத்தால் அடுப்புச் சுருளின் தடை இருபத்திரண்டு ஓம். சுருள் கரைக்கு வந்ததற்காக அந்தத் தடை மாறாது. இருநூற்றுமுப்பதை இருபத்திரண்டால் வகுத்தால் பத்து அம்பியருக்கும் மேலே, வலு இரண்டாயிரத்து நானூறு வாற்று. ஐந்து அம்பியர் பியூஸ் அதை எப்படித் தாங்கும்? இவ்வளவையும் அவர் கொண்டுவந்த கடதாசியின் பின்பக்கத்திலேயே எழுதிக் காட்டினேன்.

"பெரியாக்களோட எதிர்க்கதை கதைக்காதே," என்று அம்மா என் கையைக் கிள்ளினார். நான் விடவில்லை. எங்கள் பெட்டியைக் கழற்றி, லைட்டுகளையும் நூர்த்துவிட்டு, அடுப்பை மட்டும் போடச் சொன்னேன். சுருள் கண் கூசச் சிவந்தது, தண்ணீர் கொதிக்க முதலே 'டப்'.

கந்தப்பரின் முகம் கறுத்துவிட்டது. "கணக்கு என்னவாயும் இருக்கட்டும், வீடு என்ர. வாய் காட்டினதுக்கு இவள் மன்னிப்புக் கேட்டா லைன் இருக்கும். இல்லாட்டி வெட்டு!"

நான் வாயைத் திறக்குமுன் அம்மா எனக்கு முன்னால் வந்து நின்றார். "வெட்டுங்கோ அண்ணை. சரியான கணக்குக்கு என்ர பிள்ளை மன்னிப்புக் கேளாது."

வெட்டித்தான் விட்டார். அரிக்கன் லாம்பில் படித்து, கண்ணெரிச்சலோடு சோதனை எழுதி, விஞ்ஞானத்தில் ஆக உயர்ந்த தரமான அதிவிசேட சித்தி எடுத்தேன்.

இன்று அந்த வீடு இருந்த இடத்தில் மாடிவீடு. கப்பல் சாமான் விற்றவர்களும் இல்லை, கந்தப்பரும் இல்லை, அம்மாவும் போய்விட்டார். அன்றைக்கு வாயைப் பொத்திக்கொண்டிருந்தால் நல்ல வெளிச்சத்தில் படித்திருக்கலாமே என்று சொந்தக்காரர் இன்னும் சொல்கிறார்கள். படித்திருக்கலாம்தான். ஆனால் யாரையும் எதிர்த்துப் பேசாத என் அம்மா எனக்காகப் பேசியதை நான் கேட்டிருக்கமாட்டேனே!