கண்ணாடிக்கும் தரைக்கும் நடுவில்

எனக்கு எழுத்து அவ்வளவாக வராது. ஊர்ப் பள்ளியில் ஐந்தாவதோடு நின்றவள். எழுத உட்கார்ந்தால் முன்னது பின்னதாகிவிடும், பாதி மறந்தும் போகும். பொறுத்துக்கொள்ளுங்கள். ஷார்ஜாவில் என் மகள் மலர் வீட்டில் இருக்கிறேன். அவள் இங்கே ஆஸ்பத்திரியில் நர்ஸ். கைக்குழந்தையான பேத்தியைப் பார்த்துக்கொள்ள வந்தேன். பதினான்காவது மாடி. வெளிப்பக்கச் சுவர் முழுக்கக் கண்ணாடி, அதில் திறக்கிற சன்னல் ஒன்றுகூடக் கிடையாது. ஆனாலும் சமைக்கிற நேரமானால் கீழ்வீட்டு மீன் வறுவல் வாசம் எங்கள் ஹாலில் வந்து நிற்கும். வாசல் கதவு வழியாக வருகிறது என்பாள் மலர். நான் குழந்தையோடு தரையில் கிடப்பவள். அது கண்ணாடியின் அடியிலிருந்து வருவது எனக்குத் தெரியும்.

பங்குனிக்குள் ஊருக்குப் போய்விட வேண்டும் என்று வந்த நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தேன். கொல்லிமலையில் திண்ணனூர் நாட்டுப் பக்கம், காட்டை ஒட்டி எங்கள் வீடு. ஓட்டு வீடுதான். ஆனால் மாட்டுக்கொட்டகை இன்னமும் புல் வேய்ந்தது. புல் காய்ந்ததும் வீட்டைச் சுற்றி மம்பட்டியால் சீவி, சருகு கூட்டி, வெறும் செம்மண்ணாக விட வேண்டும். காட்டில் பிடிக்கிற தீ அந்த வெறும் மண்ணைத் தாண்டாது. என் வீட்டுக்காரர் இறந்துபோனபிறகு அது என் வேலை. "நீ போயிட்டா கொழந்தைய யாருகிட்டம்மா உடறது?" என்பாள் மலர்.

மலர் இதே வயதுக் குழந்தையாக இருந்தபோது, கீழே ஓடையில் தீப் பிடித்தது. ஓடை வழியாகத் தீ ஏறுவதைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். மேட்டில் ஆள் ஏறுவதைவிட வேகமாக ஏறும். ஆண்கள் எல்லாரும் தீயை அடித்து அணைக்கத் தழை ஒடித்துக்கொண்டு ஓடினார்கள். நான் மலரை மடியில் போட்டுக்கொண்டு, சீவி விட்ட மண்ணில் உட்கார்ந்திருந்தேன். கதிர் அறுத்த சாமைத் தாள் கருகின வாசம் மூக்கில் ஏறியது. தீ அந்தச் செம்மண் ஓரம் வரை வந்து, தின்ன ஒன்றும் இல்லாமல் படுத்துவிட்டது. அன்றிலிருந்து எனக்கு வெறும் இடத்தின்மேல்தான் நம்பிக்கை.

போன மாதம் கட்டடத்துக்காரர்கள் ஆள் அனுப்பினார்கள். கண்ணாடியின் அடியில் இருந்த தகரத்தைக் கழற்றினார்கள். பார்த்தால், தரை முடிகிற இடத்துக்கும் கண்ணாடிக்கும் நடுவில் கை நுழைகிற அளவு சந்து. பழைய அடைப்பு இறங்கிப்போய்விட்டதாம். மஞ்சளும் பச்சையும் கலந்த பஞ்சு மாதிரி ஒன்றை அதில் நெருக்கித் திணித்துவிட்டுச் சாப்பிடப் போனார்கள். பேத்தி படுக்கிற இடத்துக்குத் தலைமாட்டில் பஞ்சா? யாரிடமும் கேட்கவில்லை. உட்கார்ந்து அத்தனையையும் பிடுங்கி எடுத்துக் குப்பைப் பையில் போட்டேன். கையெல்லாம் பூனைக்காலி பட்டதுபோல அரித்தது.

திரும்பி வந்த மேஸ்திரி கேரளத்துப் பையன். "அம்மே, ஆரா இத எடுத்தது?" என்றார்.

"நான்தானுங்க தம்பி. பஞ்ச வெச்சா தீப்புடிக்காதுங்களா?"

"இது தீயை நிறுத்தான் வெச்சதல்லே அம்மே?"

"பஞ்சு தீய நிறுத்துங்களா? நல்லாச் சொன்னீங்க போங்க."

அவர் கோபிக்கவில்லை. எந்த ஊர் என்று கேட்டார். கொல்லிமலை, நாங்களும் மலையாளிதானுங்க என்றேன். எங்கள் மலைச் சனத்துக்கு அதுதான் பெயர். அவர் முகம் மலர்ந்து மலையாளத்தில் கொட்டித் தீர்த்தார். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டு நின்றேன். பிறகு ஒரு துண்டுப் பஞ்சை இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினார். சிவந்தது, கொஞ்சம் நாற்றம் வந்தது, எரியவில்லை. கல்லை உருக்கி நூலாக இழுத்ததாம். ராக் வுல் என்று பெயர். கண்ணாடிச் சுவர் கட்டடத்துக்கு வெளியே திரைபோலத் தொங்குகிறது, இந்தச் சந்தை அடைக்காவிட்டால் கீழே பிடிக்கிற தீ ஒவ்வொரு மாடியாக மேலே ஏறும் என்று கையால் காட்டினார். அந்தக் கை மேலே போனபோது எனக்கு எங்கள் ஓடைதான் தெரிந்தது. மலையில் தீ நிற்க இடத்தைக் காலி பண்ணுவோம். இங்கே காலி இடம்தான் தீக்கு வழி. பையை நானே எடுத்துக் கொடுத்தேன். மறுபடி அடைத்து, மேலே சிவப்பாக ஒரு பூச்சும் பூசிவிட்டுப் போனார்கள். அதோடு மீன் வாசமும் நின்றது.

சாயங்காலம் மலர் சிரிக்கவும் செய்தாள், திட்டவும் செய்தாள். "ஏம்மா, உன்னைய நம்பிக் கொழந்தைய உட்டுட்டுப் போனா, நீ சொவத்தப் பிரிச்சு வெச்சிருக்கற." அப்போதுதான் சொன்னேன், குழந்தை நடக்கிறவரை இருக்கிறேன் என்று. அவள் என் கை அரிப்புக்கு எண்ணெய் தடவினாள்.

அடுத்த நாள் கொழுந்தன் சின்னானைப் போனில் கூப்பிட்டேன்.

"நான் சீவிக்கறனுங்க அண்ணி. நீங்க கொழந்தையப் பாருங்க."

"கீழ்ப்பக்கம், ஓடைப் பக்கம், அகலமாச் சீவோணும் சாமி."

"அங்க உக்காந்துகிட்டு எனக்கு மம்பட்டி புடிக்கச் சொல்லித் தாரீங்களா?"

போன வாரம் வீடியோவில் காட்டினார். வாசலும் மேல்பக்கமும் பளிச்சென்று செம்மண். கீழ்ப்பக்கம் திரும்பும்போது படம் நின்றுவிட்டது. அடைத்த சந்தின் பக்கத்தில் பேத்தி தூங்குகிறாள். இப்போது பயமில்லை. அவளைத் தட்டிக்கொண்டே, கண்ணாடிக்கு வெளியே தெரிகிற மணலில் எங்கள் வீட்டின் கீழ்ப்பக்கத்தைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கண்ணாடிச் சுவரைப் பற்றி நான் எழுதியதில் பிசகு இருந்தால் அந்த வேலை தெரிந்தவர்கள் பார்த்துத் திருத்துங்கள். திண்ணனூர் நாட்டுப் பக்கம் போகிறவர்கள், எங்கள் கொட்டகைக்குக் கீழே, ஓடை ஏறி வருகிற இடத்தில், புல் சீவியிருக்கிறதா என்று ஒரு எட்டுப் பார்த்துச் சொல்லுங்கள். சின்னானைக் கேட்டால் வீட்டைக் காட்டுவார். நான் பார்க்கச் சொன்னதாக மட்டும் அவரிடம் சொல்ல வேண்டாம்.