பனிக்குள் கேட்ட பெயர்

எங்கள் வம்சத்தில் ஆகாயத்துக்குப் போன ஒரே ஆள் என் சித்தப்பா. மற்றவர்கள் மலை ஏறினார்கள், மரம் ஏறினார்கள், பெரியப்பா ஒருவர் நாய்க்குப் பயந்து கூரை ஏறினார். சித்தப்பா ஏரோப்ளேன் ஏறினார். ஏறியதோடு விடவில்லை, அதை ஓட்டவும் செய்தார். இரண்டாவது பைலட் என்று அவர் அடக்கமாகத்தான் சொல்லுவார். அம்மாதான் அந்த ‘இரண்டாவது’ யார் காதிலும் விழாதபடி பார்த்துக்கொள்வாள்.

அப்பா அப்போது மலைநாட்டில் வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் டீமேக்கர், கொழுந்தைத் தூளாக்குகிற வேலைக்குப் பொறுப்பு. தேயிலைத் தொழிற்சாலையை நாங்கள் ஸ்டோர் என்போம். அதை ஒட்டித்தான் எங்கள் வீடு. எனக்கு எட்டு வயது இருக்கும். சித்தப்பா லீவில் வந்தால் ஞாயிற்றுக்கிழமை, தொழிலாளர்கள் குடியிருக்கிற லயத்துச் சனமெல்லாம் எங்கள் வாசலில் வந்து நிற்கும். கடல் தாண்டி இந்தியாவுக்குப் போய்வருகிற மனுசன் ஆயிற்றே!

“ஏந்தம்பி, தொறையூரு பக்கமா போவீங்களாமே? எங்க வீட்டுக் கூரை மேலருந்து தெரியுதா?” என்று ஒரு கிழவி கேட்பாள்.

“தெரியுதுங்க ஆத்தா. ஓல மாத்தணும் போலருக்கு” என்பார் சித்தப்பா முகம் மாறாமல். கிழவி அதை நம்பிக்கொண்டு, ஊரில் இருக்கிற தம்பியைத் திட்டியபடியே லயத்துக்குப் போவாள்.

சம்பளம் தோட்டத்துத் துரைக்குச் சமமாம். சாப்பாடு தட்டில் மூடி வருமாம். தங்குவதற்குப் பெரிய ஓட்டல், குளிக்க வெந்நீர், துவட்ட வெள்ளைத் துண்டு. எனக்கு உள்ளங்கையில் அடங்குகிற சவுக்காரக் கட்டிகளும் சீனிப் பொட்டலங்களும் கொண்டுவருவார். அந்தச் சவுக்காரத்தை நான் குளிக்கப் பயன்படுத்தவில்லை, மோந்து பார்த்தே தீர்த்தேன். “குடுத்து வச்ச வேல” என்று அம்மா நாளுக்கு நாலு தரம் சொல்லுவாள். அட்டனில் துணிக்கடை வைத்திருந்த ஒரு பெரிய குடும்பம் பெண் கொடுக்கச் சம்மதித்திருந்ததும் அந்த வேலைக்காகத்தான். அந்த முறை சித்தப்பா வந்தது நிச்சயதார்த்தத்துக்கு. வெள்ளிக்கிழமை நிச்சயம். அது முடிந்து திங்கட்கிழமை அவர் திரும்பவும் வேலைக்குப் போகவேண்டும்.

ஆனால் அந்த முறை அவர் ஒரு மாதிரியாக இருந்தார். குடுத்து வச்ச மனுசன் தூங்கவே இல்லை. பகலில் ஜன்னலுக்குக் கம்பளியை மாட்டிவிட்டு இருட்டில் உட்கார்ந்திருப்பார். ஸ்டோரில் மிசின் ஓடத் தொடங்கும்போது வாயில் வைத்த சோறு அப்படியே நிற்கும். தலையைச் சாய்த்து எதையோ கேட்பார். பிறகுதான் மென்று விழுங்குவார். கூப்பிட்டால் திரும்பமாட்டார். மறுபடி கூப்பிட்டாலும் அப்படியே இருப்பார். மூன்றாவது தரம்தான் “ம்” என்று பதில் வரும்.

“ஒசரத்துல போய்ப் போய் காது செவிடாயிருச்சா, இல்ல நம்மளெல்லாம் கண்ணுக்குத் தெரியலையா?” என்று அம்மா அடுப்படியில் பொருமினாள்.

எனக்கென்னவோ அதில் ஆச்சரியம் இல்லை. எங்கள் பக்கத்தில் பனிமூட்டத்துக்குள் யாராவது கூப்பிட்டால் முதல் குரலுக்கும் இரண்டாவது குரலுக்கும் பதில் சொல்லமாட்டோம். கொழுந்து எடுக்கிற பொம்பளைகளிலிருந்து கங்காணி வரைக்கும் எல்லாருக்கும் அது பழக்கம். மனுசக் குரல் என்றால் மூன்றாவது தரமும் கூப்பிடும். மற்றது இரண்டோடு நின்றுவிடும். அம்மா டயகமைப் பக்கத்துக்காரி. அவர்கள் தோட்டத்தில் இன்னும் ஒருபடி மேலே. மூன்றாவது குரல் வரும்வரைக்கும் கேட்டது என்று பக்கத்தில் நிற்பவரிடம்கூடச் சொல்லக்கூடாது. சொன்னால் பதில் கொடுத்ததற்குச் சமம், கூப்பிட்டது பக்கத்தில் நிற்கிறவரைக் கொண்டுபோய்விடும் என்று அம்மா எனக்கு மட்டும் தனியாகச் சொல்லிக் கொடுத்திருந்தாள். சித்தப்பாவுக்கு இந்த டயகமைச் சட்டம் தெரியாது.

வியாழக்கிழமை பிற்பகல், மறுநாள் காரியத்துக்கு வெற்றிலை, பழம், பூ வாங்கி வரச்சொல்லி அம்மா அவரைக் கடைவீதிக்கு அனுப்பினாள். நானும் கையைப் பிடித்துக்கொண்டு போனேன். திரும்பி மலையேறும்போது நான் சும்மா இல்லாமல், “மேகத்துக்குள்ள போனா ஈரமா இருக்குமா சித்தப்பா?” என்று கேட்டுவைத்தேன்.

அவர் வெற்றிலைக் கட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு பெரியவர்களிடம் பேசுகிற மாதிரி என்னிடம் பேசினார்.

“வெளிய ஒன்னுமே தெரியாது. வெள்ளத் துணியக் கண்ணுல கட்டுன மாதிரி. காதுல ஒரு மிசின் மாட்டியிருப்போம், கீழருந்து அதுல பேசுவாங்க. அந்தப் பேச்ச நம்பித்தான் போறது. கூப்பிட்ட ஒடனே பதில் சொல்லணும். போன மாசம் அதுல எங்க அக்கா கூப்பிட்டுச்சு.”

அவருடைய அக்கா, அதாவது என் அத்தை, நான் பிறப்பதற்கு முன்பே காய்ச்சலில் செத்துப்போனவள். தாயில்லாத சித்தப்பாவை இடுப்பில் வைத்து வளர்த்தவள் அவள்தான் என்று மட்டும் எனக்குத் தெரியும்.

“நம்ம ஊருப் பழக்கம், நான் வாயத் தொறக்கல. அக்கா ரெண்டு தரம் கூப்பிட்டுட்டு நிறுத்திருச்சு. அப்புறம் நெசமாவே கீழருந்து கூப்பிட்டாங்க. அதுக்கும் நான் வாயத் தொறக்கல. பெரிய பைலட் எங் கையப் புடிச்சு உலுக்குனாரு. எதுத்தாப்புல இன்னொரு ப்ளேன் வருதாம், எறங்கச் சொல்லியிருக்காங்க. பின்னால சனமெல்லாம் முட்டாய் சப்பிக்கிட்டு ஒக்காந்திருந்துச்சு.”

“அப்பறம்?”

“அப்பறம் என்ன, எறங்குனோம். அதுக்குப் பெறகு ஒவ்வொரு மேகத்துலயும் அக்கா வருது.”

“பயமா இருக்கா சித்தப்பா?”

“அக்காவுக்கு என்னாத்துக்குப் பயப்படணும்? பயம் வேற ஒன்னுக்கு” என்றார். எதற்கு என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

பேசிக்கொண்டே வந்ததில் பனி இறங்கியதை நாங்கள் கவனிக்கவில்லை. பாதை ஓரத்துத் தேயிலைச் செடி மட்டும் ஒரு வரிசை தெரிந்தது. அதற்கப்பால் ஒன்றுமில்லை. கொழுந்து எடுத்துக்கொண்டிருந்த பொம்பளைகளின் பேச்சும் நின்றுபோயிருந்தது. எங்களுக்கு ஒரு பக்கம் பள்ளம், இன்னொரு பக்கம் தாழ்ந்த சரிவு. எங்களைவிட உயரமாக அந்த இடத்தில் எதுவும் கிடையாது.

குரல் மேலேயிருந்து வந்தது.

“பூனக்கண்ணா…”

சோறு ஆறிப்போகுது, வா என்று கூப்பிடுகிற மாதிரி சாதாரணமான பொம்பளைக் குரல். அதட்டலும் இல்லை, அழுகையும் இல்லை. சித்தப்பாவின் கை என் கைக்குள் சில்லென்று ஆனது. கொஞ்ச நேரம் கழித்து இன்னும் கிட்டத்தில், எங்கள் தலைக்கு நேர் மேலே, மறுபடியும் அதே பெயர்.

நான் பல்லைக் கடித்துக்கொண்டு மூன்றாவது குரலுக்காக நின்றேன். அது வரவில்லை. தேயிலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது.

சித்தப்பா என் முன்னால் குந்தி உட்கார்ந்தார். என் இரண்டு தோளையும் பிடித்தார். அவ்வளவு கிட்டத்தில் ஒரு பெரிய மனுசரின் முகம் அப்படிக் கெஞ்சி நான் பார்த்ததில்லை.

“பாப்பா, ஒனக்குக் கேட்டுச்சா? பொய் சொல்லாம சொல்லு. ஒனக்கும் கேட்டுச்சுதானே?”

கேட்டது என்று சொன்னால் பக்கத்தில் நிற்கிறவரைக் கொண்டுபோய்விடும். பக்கத்தில் நின்றவர் சித்தப்பா. அவரை விட்டுக்கொடுப்பேனா?

“எனக்கு ஒன்னுமே கேக்கல சித்தப்பா” என்றேன்.

அவர் கை என் தோளிலிருந்து நழுவியது. பிறகு சிரித்தார். “சரி, நல்லதாப் போச்சு” என்று சொல்லி, பூப்பொட்டலத்தை என் கையில் கொடுத்து, என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். அவரைக் காப்பாற்றிவிட்ட பெருமை எனக்குத் தாங்கவில்லை. வீடு வரைக்கும் அவர் தலைமயிரைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடிக்கொண்டே போனேன்.

விளக்கு வைத்ததும் அவர் அப்பாவிடம் சொன்னார்: “நான் இனிமே ப்ளேன் ஓட்டப் போறதில்லண்ணே. அட்டனுக்கு ஆளனுப்பி நாளைக்கு வரவேணாம்னு சொல்லிருங்க.”

வீட்டில் இடி விழுந்த மாதிரி ஆயிற்று. அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். “ஐயோ, மகாராசா மாதிரி வேலய யாராச்சும் எட்டி ஒதைப்பாங்களா? அந்தப் பொண்ணு வீட்டுக்கு என்னான்னு பதில் சொல்றது?” என்று அழுதாள். அப்பா அதட்டிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். கடைசியில் தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“டேய் பூனக்கண்ணா,” என்றார். “அக்கா ஒன்ன அப்பிடிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வளத்துச்சே, அது இருந்தா இதப் பொறுத்துக்குமாடா?”

அந்தப் பெயரை எங்கள் வீட்டில் அதுவரைக்கும் யார் வாயிலும் நான் கேட்டதில்லை. அம்மாவின் சேலைக்குள் புகுந்துகொண்டேன். அப்போதும் நான் ஒன்றும் சொல்லவில்லை. மூன்றாவது குரல்தான் இன்னும் வரவில்லையே.

சித்தப்பா அதற்குப் பிறகு அட்டனில் ஒரு லொறிக் கந்தோரில் கணக்கு எழுதுகிற வேலைக்குச் சேர்ந்தார். அந்தச் சம்பளத்தைக் கேட்டு ஊரே சிரித்தது. ஆனால் மனுசன் நேரத்துக்குச் சாப்பிட்டார், குறட்டை விட்டுத் தூங்கினார், தாமதமாக ஒரு கலியாணமும் செய்துகொண்டார். பைத்தியக்காரன் என்று சொன்னவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர் வாங்கிக் கொடுத்தார். பனி இறங்கினால் மட்டும் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்.

எனக்குக் கலியாணமாகி, முதல் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அவரைப் பார்க்கப் போயிருந்தேன். மேலே எங்கோ ஒரு ப்ளேன் போகிற இரைச்சல் கேட்டது. அது அடங்கும்வரைக்கும் அவர் நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அந்த வேலன்னா உசிரு, தெரியுமா?” என்றார். “மேகத்தப் பொளந்துக்கிட்டு மேல போயி வெயில்ல நிக்கிறப்ப இருக்குற சந்தோசம், அத எதுலயும் நான் பாக்கல. அன்னிக்கு ஒனக்கும் கேட்டிருந்தா நான் திங்கக்கெழம கெளம்பிப் போயிருப்பேன். வெளிய இருந்து வர்ற கொரல்னா பரவால்ல, அக்காதானே, கூடவே வந்துட்டுப் போகட்டும். எனக்குள்ள இருந்து வந்துச்சுன்னா, அவ்வளவு சனத்தப் பின்னால வச்சுக்கிட்டு நான் எப்பிடிம்மா ஓட்டுறது?”

பிள்ளை என் மடியில் அழுதது. நான் அதைத் தட்டிக்கொண்டே இருந்தேன்.

பனிக்குள் வந்த குரலிடமிருந்து சித்தப்பாவைக் காப்பாற்றுவது எப்படி என்று எனக்கு எட்டு வயதிலேயே தெரிந்திருந்தது. அதைக்காட்டிலும் பெரிய பயம் ஒருவருக்கு இருக்கக்கூடும் என்பதும், குந்தி உட்கார்ந்து என் தோளைப் பிடித்தவர், ஆமாம் என்ற ஒரு சொல்லுக்காக உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தார் என்பதும் எனக்கு அப்போது தெரியவில்லை.