எண்பது பாயிண்டில் முக்கால் கை

தையல்காரிக்குக் கத்தரி பிடிப்பது பெரிய வேலையில்லை. வருகிற துணியில் கேட்கிற அளவு ஜாக்கெட் கையைக் கொண்டுவருவதுதான் வேலை. எதிர்க் கடையைப் பார்த்து வயிறு எரிந்தபடியே தொழில் செய்பவர்கள் யாராவது இருந்தால், வந்து என் பக்கத்தில் உட்காருங்கள். கம்பத்தில் என் கடைக்கு எதிரே வசந்தி மெஷின் போட்ட நாளிலிருந்து என் வாசலில் செருப்புகள் குறைந்துவிட்டன.

ஐந்தில் ஒரு பங்கு

காமயகவுண்டன்பட்டியிலிருந்து வந்த ஒரு அம்மா, எண்பது பாயிண்ட் துணியை நீட்டி, முக்கால் கை வைத்து ஜாக்கெட் தைக்கச் சொன்னார். அதற்கு முழு மீட்டர், அதாவது நூறு பாயிண்ட் வேண்டும், ஐந்தில் ஒரு பங்கு குறைகிறது என்று விளக்கித் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த வாரம் சேலைக்கு ஃபால்ஸ் அடிக்க வந்தவர் அதே துணியில் முக்கால் கை ஜாக்கெட் போட்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"எதுத்த கடை வசந்தி தச்சுக் குடுத்துச்சுக்கா. கணக்கெல்லாம் ஒண்ணும் சொல்லலை."

மூன்று மீட்டர், மூன்று மகள்கள்

இன்னொருவர் மூன்று மீட்டர் கொண்டுவந்து, மூன்று மகள்களுக்கும் பாவாடை என்றார். ஆளுக்கு ஒரு மீட்டர் என்பது அவர் கணக்கு. பெரியவளுக்கு ஒன்றரை, அடுத்தவளுக்கு ஒன்று, சின்னவளுக்கு முக்கால் என்பது என் கணக்கு. கால் மீட்டர் இடித்தது.

இவரையும் வசந்திக்கு விட மனமில்லை. ஜவுளிக்கடைகளில் ஏறி இறங்கி, அதே நிறத்தில் கால் மீட்டர் வாங்கி, இடுப்புப் பட்டிக்கு வைத்துத் தைத்தேன். அவருக்கு ரொம்பச் சந்தோஷம்.

"அப்படியே வசந்தி தையல் மாதிரியே இருக்கு. நீங்களும் அங்கனதான் பழகுனீகளா?"

அளவு ஜாக்கெட்

அவள் வித்தையைத் தெரிந்துகொள்ளாமல் தூக்கம் வரவில்லை. எண்பது பாயிண்ட் துணி எடுத்து, அளவுக்கு என் பழைய ஜாக்கெட்டும் வைத்து, என் பெயரைச் சொல்லாதே என்று நாத்தனார் மல்லிகாவிடம் கொடுத்தனுப்பினேன்.

தைத்து வந்ததும் உள்பக்கம் திருப்பிப் பார்த்தேன். அக்குளுக்குள் ஒரு ஒட்டு. கழுத்துக்கு வெட்டி எடுத்த துண்டு, நான் குப்பைச் சாக்கில் போடுகிற துண்டு, அங்கே பாந்தமாக உட்கார்ந்திருந்தது. பொறாமையில் அழுகையே வந்தது. கழுத்து மட்டும் லேசாக நெளிந்திருந்ததில் எனக்கு ஒரு அற்ப சந்தோஷம். அப்போதுதான் மல்லிகா வாயைத் திறந்தாள்.

"அளவு ஜாக்கெட்டப் பிரிச்சதுமே உங்க தையல்னு அதுக்குத் தெரிஞ்சு போச்சு, மதினி. 'இந்தக் கழுத்து எனக்கு வரவே மாட்டேங்குது, பாக்கப் பாக்க வயிறு எரியுதுன்னு உங்க மதினிகிட்டச் சொல்லுங்க'ன்னுச்சு."

அதோடு என் வயிற்றெரிச்சலில் முக்கால் பங்கு அடங்கிவிட்டது. மீதிக் கால் பங்கைத் தொழிலுக்கு வேண்டியிருக்குமே என்று பத்திரமாக வைத்திருக்கிறேன்.