லுப்பேயின் அம்மா சொன்ன தொடர்

பாரிசில், நம்மவர் கடைகள் நிறைந்த லா சப்பலில் கொத்தமல்லி வாங்கிக்கொண்டு நின்றேன். பக்கத்தில் ஓர் இளம்பெண் கைபேசியில் ஸ்பானிஷ் பேசியபடியே ஒரு கட்டை எடுத்து முகர்ந்தாள். உடனே லுப்பே வந்துவிட்டாள் மனதுக்குள். ஈரக் கொத்தமல்லியைக் கண்டால் முகராமல் போக அவளாலும் முடியாது. மெக்சிக்கோக்காரி. நான் பாரிசுக்கு வந்த புதிதில் ஓர் உணவகச் சமையலறையில் இருவரும் காய் வெட்டினோம். பேசிக்கொண்டது அரைகுறைப் பிரெஞ்சில்; எப்படியோ எல்லாம் புரிந்தது.

மதிய வேலை முடிந்த இடைவேளையில் நம்மவர் ஒருவரின் தொலைபேசிக் கடைக்குப் போவோம். அவளுடைய ஊரில் அப்போது காலை. முந்தின மாலை தொலைக்காட்சித் தொடரில் நடந்ததை அவளுடைய அம்மா ஒன்றுவிடாமல் சொல்லுவார். அதை அவள் எனக்குச் சொல்ல, நான் கடைக்கார அண்ணைக்குச் சொல்லுவேன். ஓர் ஏழைப் பெண், அவளைக் கட்டத் துடிக்கும் பண்ணைக்காரன், ஏகப்பட்ட கண்ணீர். என் அம்மாவோ எடுத்த எடுப்பில், "கார்த் கிடைச்சிட்டுதோ?" என்பார். வதிவிட அட்டை கிடைக்கவில்லை என்றதும் பேச்சு முடிந்துவிடும். பிறகு லுப்பேயின் தொலைபேசிக் கூண்டுக்குள்ளிருந்து வரும் சிரிப்பைக் கேட்டுக்கொண்டு நிற்பேன். பொறாமைதான், வேறென்ன?

ஒரு வருடம் அவளுடைய நாட்டுத் தொலைக்காட்சியே தலைகீழானது. முதலில் தொடரின் நேரத்தை மாற்றினார்கள். பிறகு ஊரிலிருந்த சின்ன நிலையத்தைத் தலைநகரத்து நிலையம் எடுத்துக்கொண்டது; அம்மாவுக்குப் பழகிய செய்தி வாசிப்பாளர் காணாமல் போனார். கடைசியில் பழைய அன்டெனா ஒளிபரப்பையே நிறுத்திவிட்டார்கள். தொடரில் மறுநாள் கல்யாணம். அம்மாவின் பழைய பெட்டியில் வெறும் இரைச்சல்.

அதன்பின் அவர்களுடைய பேச்சும் எனக்கும் என் அம்மாவுக்குமான பேச்சைப் போலச் சுருங்கிப்போனது. ஒருநாள் லுப்பே அழுதுகொண்டே வெளியே வந்தாள்.

"என்ன தங்கச்சி, தாய்க்குச் சுகமில்லையோ?" அண்ணை பதறினார்.

"இல்லை அண்ணை. டிவி நிண்டுபோச்சு. கதைக்க ஒண்டுமில்லையாம்," அவளிடம் கேட்டு நான் சொன்னேன்.

"அப்ப மிச்சத்தை நாங்களே சொல்லுவம். அந்தப் பண்ணைக்காரனை மட்டும் அவள் கட்டக் கூடாது, சொல்லிப்போட்டன்!"

பாரிசிலும் அந்தத் தொடர் ஓடுகிறது என்று லுப்பே அம்மாவிடம் புளுகினாள். நாங்கள் மூவரும் கதை கட்டினோம். மணப்பெண்ணை நான் மழையில் ஓடவிட்டேன். அண்ணை அவளைக் கப்பலேற்றினார். கூண்டுக்குள் மறுபடியும் சிரிப்புச் சத்தம்.

ஒருநாள் அம்மா மெதுவாகச் சொன்னாராம்: "பக்கத்து வீட்டில் புதுப் பெட்டி வந்து கனநாள். அங்கே அவள் அவனையே கட்டிவிட்டாள். நீ உன் கதையைச் சொல்லு."

அம்மா படுக்கையில் விழுந்ததும் லுப்பே ஊருக்குப் போய்விட்டாள். அந்தக் கடை கைபேசி உறை விற்கும் கடையானது. அண்ணை பாரிசுக்கு வெளியே சார்செலில் மகள் வீட்டோடு இருக்கிறார்.

போன வருடம் லுப்பேயின் அம்மா இறந்த செய்தி வந்தது. காணொளியில் அழைத்தேன். லுப்பேக்குத் தலை நரைத்திருந்தது. பிரெஞ்சு அவளுக்கு மறந்துபோய்விட்டது. எனக்கு ஸ்பானிஷ் வராது. ஒருவர் பெயரை ஒருவர் சொன்னோம். அழுதோம். கேட்க எவ்வளவோ இருந்தும், அதன்பின் யார் முதலில் அழைப்பை அணைப்பது என்று தெரியாமல் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தோம்.