திரும்பி உட்கார்ந்த வகுப்பு

திங்கட்கிழமை காலை மணி ஒன்பது ஐந்து. பள்ளிக்குள் நுழைந்ததும் நான் முதலில் பார்த்தது, தலைமையாசிரியையான என் அம்மா வாசலோரம் கடைசி வரிசையில் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்திருந்ததை.

வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பள்ளிக்கூடம் என்பது பெரியப்பாவின் பழைய வேர்க்கடலைக் கிடங்கு. ஒரே அறை, ஒரே வாசல், வாசலுக்கு எதிர்ச் சுவரில் கரும்பலகை. பலகைக்கு முன்னால் ஊர்ப் பிள்ளைகளான நாங்கள். வாசலோரம் சேரியிலிருந்து வரும் நான்கு பேர். அப்படி உட்காரும்படி யாரும் சொன்னதாக நினைவில்லை. யாரும் மாறி உட்கார்ந்ததாகவும் நினைவில்லை.

தலைமையாசிரியர்களுக்கான பயிற்சிக்காக அம்மா பத்து நாள் கிருஷ்ணகிரியில் இருந்துவிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தாள். ரிப்பன் வரும் என்று காத்திருந்தேன். ஒரு நோட்டுதான் வந்தது. ஒரு நாள் முழுக்கத் தன் பள்ளியின் கடைசிப் பிள்ளையோடு உட்கார்ந்து பாடம் கேட்க வேண்டும் என்று அதில் எழுதியிருந்தது.

உதவி ஆசிரியர் தவித்தார். "டீச்சர், நாற்காலி இருக்குதுங்களே."

"நீங்க பாடத்தை நடத்துங்க சார்."

அந்த நான்கு பேரில் ஒருத்தியான மாரக்கா பக்கத்தில் இருந்தாள். அவளிடம் அம்மா கேட்டாள். "பலகையில என்ன எழுதியிருக்குது?"

"வெள்ளையாத் தெரியுதுங்க டீச்சர்."

எல்லாரும் சிரித்தோம். தலைமையாசிரியையின் மகள் என்ற உரிமையில் நான் கொஞ்சம் கூடவே சிரித்தேன். அம்மா தலையை இடப்பக்கம் சாய்த்தாள், வலப்பக்கம் சாய்த்தாள், முட்டி போட்டும் பார்த்தாள். வாசல் வெயில் பட்டுப் பலகை பளபளத்தது.

மதிய மணிக்குப் பிறகு அவளும் உதவி ஆசிரியரும் பலகையைக் கழற்றி வாசல் பக்கச் சுவரில் மாட்டினார்கள். "எல்லாரும் இருந்த இடத்துலயே திரும்பி உட்காருங்க" என்றாள். ஒருவர்கூட இடம் மாறவில்லை. ஆனாலும் நான் கடைசி வரிசைக்குப் போயிருந்தேன்.

அம்மா என்னைத் தண்டித்துவிட்டாள் என்று பெரியப்பா வீட்டுக்கு ஓடிப்போய் அழுதேன்.

மறுநாள் அவர் வந்து வாசலில் நின்றார். "ஏம்மா, பத்து நாள் சோறு போட்டு இதைத்தான் சொல்லிக் குடுத்தாங்களா?"

"உட்காரத்தான் சொல்லிக் குடுத்தாங்க மாமா."

"கிடங்கு யாருதுன்னு ஞாபகம் இருக்குதில்ல? பலகை பழைய எடத்துக்குப் போகலேன்னா நாளைக்குப் பூட்டிடுவேன்."

"சுவர் உங்களுதுங்க. பலகை சர்க்காரோடது. பூட்டினீங்கன்னா புளியமரத்துல மாட்டிக்கிறேன்."

அவர் வகுப்பிலிருந்த தன் மகனின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அன்று மாலை அம்மா பலகையைத் தலையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தாள். புதன்கிழமை கிடங்கில் பூட்டுத் தொங்கியது, புளியமரத்தில் பலகை தொங்கியது. ஊர்ப் பிள்ளைகளில் என்னையும் சேர்த்து ஐந்து பேர்தான் வந்திருந்தோம். சேரிப் பிள்ளைகள் நான்கு பேரும் வந்திருந்தார்கள்.

அம்மா மாரக்காவைப் படிக்கச் சொன்னாள். எழுத்துக் கூட்டித்தான் படித்தாள். ஆனால் நிற்காமல், ஐந்து வரியையும் படித்து முடித்தாள். யாரோ அவளுக்கு வீட்டில் ரகசியமாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன்.

மதியம் அம்மா மாணவர் குறிப்பேட்டைத் திறந்தாள். மாரக்காவின் பெயருக்கு எதிரே இரண்டு வருடமாக 'மந்தபுத்தி' என்றிருந்தது. அதை அடித்துவிட்டு, பேனாவை மூடாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். வெயிலில் தலைவலி போலிருக்கிறது என்று நான் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அந்தக் குறிப்பு அம்மாவின் கையெழுத்தில் இருந்தது.