பெஞ்சில் இடம் விட்ட சவரிமுத்து அண்ணன்

சவரிமுத்து அண்ணன் போய்விட்டார்...

தொண்ணூறு தாண்டிய மனுஷன்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை.

"இந்த டீச்சர் ஏன் வருஷா வருஷம் பெரிய வியாழனுக்கு லீவு போடுது?" என்று நான் வேலை பார்த்த காலத்தில் பெரம்பலூர் ஸ்கூலில் முணுமுணுப்பீர்களே, காரணம் அவர்தான்.

நாற்பத்திரண்டாம் வருஷம். பர்மாவில் குண்டு விழுந்து ஓடிவந்த கூட்டத்தில் அப்பாவும் நானும். அம்மா வழியிலேயே இறந்துவிட்டாள். எனக்கு ஆறு வயது, உடம்பெல்லாம் காய்ச்சல்.

பர்மாக்காரர்கள் காலராவைக் கொண்டு வருகிறார்கள் என்று பேச்சு. அரியலூரில் ரயிலை விட்டு இறங்கியதிலிருந்து எந்த ஊரிலும் எங்களை நிற்க விடவில்லை.

ஏலாக்குறிச்சி பக்கம் ஒரு கிராமத்தில் மாதா கோயில் திறந்திருந்தது. ஜனங்கள் எல்லாம் தரையில். பீடத்துக்கு முன்னால் பெஞ்சுகள் மட்டும் காலி. அப்பா என்னை மடியில் போட்டுக்கொண்டு அதில் உட்கார்ந்துவிட்டார்.

அன்றைக்குப் பெரிய வியாழன். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேருக்குப் பாதம் கழுவும் நாள். பெஞ்சு அவர்களுக்கு... எங்களுக்கு என்ன தெரியும்?

கோயிலே எழுந்து நின்றது. ஒருவர் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தார். வெளியே தள்ளினால் நான் பிழைக்க மாட்டேன் என்று அப்பாவுக்குத் தெரியும். பெஞ்சை விடவே இல்லை.

அது சவரிமுத்து அண்ணன் வீட்டுக்குப் பரம்பரையாக வரும் இடம். அவர் அப்பா செத்து, இவருக்கு முறை வந்த முதல் வருஷம். புது வேட்டி கட்டி வந்திருந்தார்.

"எங்க எடந்தாங்க அது. அவரே இருக்கட்டும், நான் கீழ உக்காந்துக்கிறேன்."

"இன்னிக்கு வுட்டீன்னா திரும்பக் கெடைக்காதுடா," என்றார் ஊர்ப் பெரியவர்.

"தெரியுங்க."

சட்டையைப் பிடித்த கை விலகியது. சாமியார் குனிந்து அப்பாவின் புண்ணான காலைக் கழுவினார். அம்மா செத்தபோது கூட அழாத அப்பா அப்போது அழுதார்.

அண்ணன் வீட்டு மாட்டுக் கொட்டகையில்தான் எனக்குக் காய்ச்சல் விட்டது. அப்பாவும் அந்த ஊரிலேயே தங்கிவிட்டார்.

பெரியவர் சொன்னபடி அந்த இடம் வேறு வீட்டுக்குப் போய்விட்டது. அதன்பிறகு ஒவ்வொரு பெரிய வியாழனுக்கும் அண்ணன் என் அப்பா பக்கத்தில் தரையில்தான். லீவு போட்டு நானும் அங்கேதான் போவேன். வருத்தமா என்று ஒருமுறை கேட்டேன். "கீழதான் காத்து வருது," என்று சிரித்தார்.

இன்று காலை அவரைக் குளிப்பாட்டும்போது, பாதத்தை மட்டும் நான் கழுவட்டுமா என்று அவர் மகனிடம் கேட்டேன். செம்பை என் கையில் கொடுத்தான்.

போயிட்டு வாங்கண்ணே.