உச்சி வெயிலில் எடுத்த படங்கள்

என் கணவர் தெற்கே யால காட்டோரம் ஜீப் ஓட்டுகிறார். சுற்றுலாப் பயணிகளை ஏற்றிக்கொண்டு போய் யானையையும் சிறுத்தையையும் காட்டுவது அவர் வேலை. நான் வட்டவளையில், தேயிலைத் தோட்ட லயத்தின் கடைசி வீட்டில் இருந்துகொண்டு, அவர் எடுத்து அனுப்பும் படங்களைக் கணினியில் திருத்துகிறேன். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. மாமியார் இறந்த பிறகு இந்த வீட்டில் கேட்கும் பேச்சுச் சத்தம் பக்கத்து வீட்டு டீவியுடையதுதான்.

கல்யாணத்துக்கு முன்பிருந்தே ஹட்டனில் ஒரு ஸ்டூடியோவில் வேலை பார்த்தேன். கல்யாண ஆல்பம் செய்வதுதான் அங்கே பெரிய வேலை. மணப்பெண்ணின் முகத்தை வெளுப்பாக்குவேன், பருக்களை எடுப்பேன், மாப்பிள்ளையின் சட்டைக் கசங்கலை நீவி விடுவேன். ஸ்டூடியோவை மூடியபோது முதலாளி கணினியை எனக்கே கொடுத்துவிட்டார். இப்போதும் யாராவது ஆல்பம் வேலை அனுப்புவார்கள். அது முடிந்தால் மழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். வட்டவளையில் அதற்குக் குறைவில்லை.

என் கணவருக்குக் கமரா கிடைத்தது தற்செயலாகத்தான். வெளிநாட்டுக்காரர் ஒருவர் ஊர் திரும்பும்போது தன் பழைய கமராவையும் நீண்ட லென்ஸையும் அவர் கையில் கொடுத்துவிட்டுப் போனாராம். காலையிலும் மாலையிலும், வெளிச்சம் மெதுவாக இருக்கும் நேரத்தில், ஜீப்பைத் திருப்புவதும் நிறுத்துவதும் பயணிகளுக்காக. அவர்கள் மரநிழலில் சாப்பிட்டுவிட்டுக் கண்ணயரும் நேரம்தான் அவருடையது. அதனால் அவர் எடுத்த படங்கள் எல்லாமே உச்சி வெயிலில் எடுத்தவை.

முதலில் வந்த படங்களைப் பார்த்தபோது எனக்குச் சங்கடமாக இருந்தது. யானையின் முதுகு சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளை. வயிறு முழுவதும் கறுப்பு. வானம் வெறும் தாளாக இருந்தது. பாலை மரத்தடியில் படுத்திருந்த சிறுத்தையின் மேல் இலைகளுக்கு நடுவே விழுந்த வெயில், புள்ளிக்கு நடுவே புள்ளியாகக் கிடந்தது. எது வெயில், எது தோல் என்று பிரித்துப் பார்க்கவே ஒரு மாலை முழுவதும் ஆனது. எனக்குத் தெரிந்தது மணப்பெண் வேலை மட்டும்தான். அதையே செய்தேன். வெயிலைத் தணித்தேன், கறுப்பை வெளிச்சத்துக்குத் தூக்கினேன், சேற்றில் புரண்டிருந்த எருமையின் முகத்தைச் சுத்தமாகத் துடைத்து அனுப்பினேன்.

சாயங்காலம் போனில் கோல் எடுத்தார்.

“எருமைக்கு எதுக்கு புள்ள பவுடர் போட்ட?” என்றார்.

நான் சிரித்தேன். அவரும் சிரித்தார். பிறகு, படத்தைப் பார்த்தால் யால மாதிரி இல்லை, நம்ம ஊர் மூடுபனிக்குள் எருமை வந்து நிற்கிறது போல இருக்கிறது என்றார். அங்கே மத்தியானத்தில் கண்ணைத் திறக்கவே முடியாதாம். கல் சுடுமாம். பறவைகள்கூட வாயைத் திறந்துகொண்டு உட்கார்ந்திருக்குமாம். அந்தச் சூடு படத்தில் தெரிய வேண்டும் என்றார்.

நான் அந்தப் பக்கம் போனதே இல்லை. சின்ன வயதில் எங்கள் தோட்டத்து ஆட்கள் பஸ் பிடித்துக் கதிர்காமம் போனபோது எனக்குக் காய்ச்சல். அதனால் அவர் சொல்லச் சொல்லக் கேட்டுத்தான் அந்த வெயிலைக் கற்றுக்கொண்டேன். வெள்ளையாகிப் போன இடத்தில் எதையும் மீட்க முடியாது. எவ்வளவு இழுத்தாலும் சாம்பல்தான் வரும். கறுப்பில் மட்டும் ஏதாவது மிச்சம் இருக்கும். மெதுவாகத் தூக்கினால் ஒரு கண்ணோ, காதோரம் இருக்கும் மயிரோ வெளியே வரும். நிழலின் நீல நிறத்தைக் கொஞ்சம் குறைத்தால் மண் சூடாகத் தெரியும். இதையெல்லாம் செய்யத் தொடங்கியபின் அவர் குறை சொல்லவில்லை.

நாங்கள் பேசிக்கொண்டது அந்தப் படங்களைப் பற்றித்தான். சாப்பிட்டாயா, மழையா என்று கேட்பது இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். அதன்பிறகு கொம்பில்லாத யானை, ஒற்றைக்கால் நாரை என்று பேச்சு நீளும். வருஷத்தில் இரண்டு மூன்று தடவைதான் வீட்டுக்கு வருவார். மற்ற நாட்களில் அவர் பார்த்ததை நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்பதே எனக்குப் போதுமாக இருந்தது. போதும் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருஷம் ஒரு கட்டத்தில் கோல் வருவது குறைந்தது. ஜீப் ஓட்டம் அதிகம், நேரமில்லை என்று செய்தி மட்டும் வரும். படங்கள் வந்துகொண்டேதான் இருந்தன. ஆனால் யானை இல்லை, சிறுத்தை இல்லை. ஒரு மயில். ஒரு கீரி. கூரை ஓட்டில் உட்கார்ந்திருக்கும் குரங்கு. மறுபடி அதே மயில். அதே கொடூரமான வெயில்தான். ஆனால் எல்லாப் படத்திலும் நிழல் ஒரே பக்கமாக விழுந்திருந்தது. எல்லாம் ஒரே உயரத்திலிருந்து எடுத்ததுபோலவும் இருந்தது. ஓரத்தில் கறுப்பாக ஒரு பட்டை வேறு. லென்ஸில் ஏதோ கோளாறு என்று நினைத்து அதை வெட்டிவிட்டே அனுப்பிக்கொண்டிருந்தேன்.

ஒரு நாள் குரங்குப் படத்தில் வெட்ட இடமில்லை. வெட்டினால் வால் போய்விடும். சரி, பட்டையைத்தான் கொஞ்சம் வெளிச்சமாக்குவோம் என்று கறுப்பைத் தூக்கினேன். அது லென்ஸ் கோளாறு இல்லை. ஜன்னல் கம்பி. கம்பிக்குக் கீழே ஜன்னல் விளிம்பில் மாத்திரை அட்டைகள் வரிசையாக இருந்தன. பக்கத்தில் சாத்தி வைத்த ஊன்றுகோலின் பிடி தெரிந்தது.

கோல் எடுத்தேன். அவர் எடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, காட்டுக்குள் இருக்கிறேன், பிறகு பேசுகிறேன் என்று செய்தி வந்தது. இரண்டு சேலையை எடுத்துப் பையில் போட்டேன். அன்று ராத்திரியே ரயில் ஏறினேன்.

விடியற்காலையில் எல்லவில் இறங்கி பஸ் பிடித்தேன். மலை இறங்க இறங்கச் சுவெட்டரைக் கழற்றினேன். வெல்லவாய தாண்டியதும் பஸ்ஸின் ஜன்னல் கம்பியே சுட்டது. இறங்கும் இடத்துக்கு வந்தபோது சரியான மத்தியானம். வெயில் முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. கடைப் பலகைகளும் ரோடும் கண்ணுக்குள் வெள்ளையாகக் கரைந்தன. இத்தனை நாளாக நான் குறைத்துக் குறைத்து வைத்தது இதைத்தான் என்று அப்போது தோன்றியது.

அவர் தங்கியிருந்த வீட்டைக் கேட்டுக் கேட்டுக் கண்டுபிடித்தேன். வீட்டுக்காரச் சிங்கள அம்மா என் முகத்தைப் பார்த்ததும் புரிந்துகொண்டு பின்னால் இருந்த அறைக்குக் கூட்டிப்போனார். என் கணவர் கட்டிலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். வலது காலில் முழங்கால்வரை பிளாஸ்டர் கட்டு. மடியில் கமரா. டயர் மாற்றும்போது ஜாக்கி நழுவி ஜீப் காலில் இறங்கிவிட்டதாம். வீட்டுக்கார அம்மாதான் சொன்னார்.

“ஏங்க சொல்லல?” என்று கேட்டேன்.

“சொன்னா வீட்டுக்கு வரச் சொல்லுவ.”

“வந்தா என்னங்க?”

“அங்க வந்து என்னத்த பாக்கிறது?” என்றார்.

அவர் அதைக் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் வலித்தது. நான் குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து, அவர் சட்டைகளை எடுத்து மடித்து வைத்தேன். மறுநாள் ஒரு வேன் பிடித்து அவரை வட்டவளைக்குக் கூட்டிவந்தேன்.

கட்டுப் பிரிக்கும் வரையும், அதற்குப் பிறகு கொஞ்ச காலமும் வீட்டில்தான் இருந்தார். கல்யாணத்துக்குப் பிறகு இத்தனை நாள் தொடர்ந்து ஒன்றாக இருந்தது அப்போதுதான். வேளைக்குச் சமைத்தேன், கட்டுப் பிரித்தபின் காலுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். பேச்சுத்தான் வரவில்லை. யானையும் எருமையும் இல்லாமல் எங்களுக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவர் வாசலில் நாற்காலி போட்டு மழையைப் பார்ப்பார். நான் உள்ளே ஆல்பம் வேலை பார்ப்பேன். ஒரு முறை கமராவை எடுத்துத் தேயிலை மலைப் பக்கம் திருப்பினார். வெளிச்சம் போதவில்லை என்று மூடி வைத்துவிட்டார். ஒரே வீட்டில் இரண்டு பேர் தனித்தனியாக இருக்கலாம் என்பதை அந்த மழைக்காலத்தில்தான் கண்டேன்.

நானாகத்தான் கேட்டேன், திரும்பப் போகிறீர்களா என்று. ஆமென்று அவர் தலையை ஆட்டினார். நீயும் வாயேன் என்று கொஞ்சம் கழித்துச் சொன்னார். அந்த அறையில், அந்த வெயிலில், நாள் முழுவதும் அவர் காட்டுக்குள் இருக்க நான் தனியே உட்கார்ந்திருப்பதை யோசித்துப் பார்த்தேன். பார்க்கலாம் என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை.

அவர் யாலவுக்குத் திரும்பிய வாரம் ஒரு சாயங்காலம் கோல் வந்தது. படம் ஒன்றும் அனுப்பியிருக்கவில்லை.

“கால் வலிக்குது புள்ள,” என்றார். “பிரேக் மிதிக்கிறப்ப கூடுதலா வலிக்குது.”

எங்கே வலிக்கிறது, வீங்கியிருக்கிறதா, ராத்திரியில் தூங்க முடிகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னார். எண்ணெய் தேய்க்க வீட்டுக்கார அம்மாவிடம் கேட்கக் கூச்சமாக இருக்கிறது என்றும் சொன்னார். அவர் இப்படிப் பேசி நான் கேட்டதே இல்லை. மழை பலத்ததும் லைன் கட்டாகிவிட்டது. திரும்ப எடுத்துப் பார்த்தேன், போகவில்லை. போனைக் கையில் வைத்துக்கொண்டு, அவர் கொண்டுபோன பையில் கைக்கு எட்டும் இடத்தில் எண்ணெய்ப் போத்தலை வைத்தோமா என்று யோசித்தபடி உட்கார்ந்திருந்தேன்.